எஸ்எம்பிஎஸ்ஸை மட்டும் கடைக்காரர் கையில் விடாதீர்கள்

சத்தம் போடாத கம்ப்யூட்டர் வேண்டும் என்று யாரிடம் கேட்டாலும் ப்ராசஸர் மேல் உட்காரும் ஃபேனைப் பற்றித்தான் பேசுவார்கள். எந்த கூலர் நல்லது, எந்த பேஸ்ட் நல்லது என்று ஒரு மணி நேரம் ஓடும். பெரிய கேபினெட்டுக்கு அந்தப் பேச்சு பொருந்தும். கையகலக் கேபினெட்டில் காதைக் குடைவது, கம்ப்யூட்டருக்கு மின்சாரத்தை மாற்றிக் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ். இதை எனக்கு ஒருவரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியவர், என் காசை எண்ணி வாங்கிக்கொண்டவர், நேர்மாறாகச் சொன்னார்.

நான் ஒலிப்புத்தகங்களுக்குக் குரல் கொடுப்பவள். சென்னையில், பத்துக்குப் பத்து அறையில், கதவைச் சாத்திக்கொண்டு நாவல் படிக்கிறேன். நீங்களும் இந்த வேலைதான் செய்கிறீர்கள் என்றால் விளக்கவே வேண்டாம்: மைக்கைத் திறக்கும் முன் ஏசியை நிறுத்த வேண்டும், சீலிங் ஃபேனை நிறுத்த வேண்டும். அதன்பிறகு அறையில் ஓடுவது கம்ப்யூட்டர் மட்டுமே. ஆடிபிளுக்குப் புத்தகம் போகும் ஏசிஎக்ஸ் தளம், பேச்சில்லாத இடங்களில் இரைச்சல் மைனஸ் 60 டெசிபலைத் தாண்டக் கூடாது என்கிறது. எனக்கு வேலை தருபவர்களும் அந்த அளவைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். மே மாதத்தில் கதவு சாத்திய அறை 34 டிகிரியை எட்டிவிடும். அந்தச் சூட்டில் கம்ப்யூட்டர் கொதிக்கவும் கூடாது, மூச்சு விடும் ஓசை கேட்கவும் கூடாது.

ஏன் லேப்டாப் வாங்கவில்லை என்று கேட்பவர்களுக்கு: வாங்கிப் பார்த்தேன். ஒலிக்கோப்பைச் சுத்தம் செய்ய ஆரம்பித்ததும் அதன் மெல்லிய ஃபேன் கத்த ஆரம்பித்துவிடும். ஃபேனே இல்லாத மேக்புக் ஏர் இருக்கிறதே என்பவர்களுக்கு: இருக்கிறது. வாங்கும்போது எவ்வளவு ரேமோ அதன் ஆயுளுக்கும் அவ்வளவுதான். நான் வருடக்கணக்காகப் பழகிய மென்பொருள் எல்லாம் விண்டோஸில் இருக்கிறது. அதுபோக, நானே கோர்த்த கம்ப்யூட்டர் வேண்டும் என்ற ஆசையும் இருந்தது. அந்த ஆசைக்கு யாரிடமும் கணக்கு ஒப்பிக்கப் போவதில்லை.

என் கொழுந்தன் ஐடியில் இருக்கிறான். "அண்ணி, சத்தம்தானே பிரச்சினை? பெரிய கேபினெட்டா எடுங்க. பெரிய ஃபேன் மெதுவாச் சுத்தும், முடிஞ்சுது கதை" என்றான். அவன் சொன்ன இயற்பியலில் பிழையில்லை. ஒரே ஃபேனின் வேகத்தை இரட்டித்தால் காற்று இரண்டு மடங்குதான் கிடைக்கும், சத்தமோ சுமார் 15 டெசிபல் ஏறிவிடும். பெரிய ஃபேன் குறைந்த வேகத்திலேயே அதே காற்றைத் தள்ளிவிடுவதால் பெரிய கேபினெட் எப்போதும் ஒரு படி மேல்தான். ஆனால் அவன் என் அறையில் உட்கார்ந்து ஒரு பக்கம் படித்ததில்லை. என்னுடைய மைக் கார்டியாய்டு வகை. முன்னால் இருப்பதைக் கேட்கும், நேர் பின்னால் கிட்டத்தட்ட செவிடு. அந்தச் செவிட்டுப் பக்கத்தில் எனக்கு இருக்கும் இடம் அலமாரியின் திறந்த தட்டு ஒன்றுதான். அங்கே பெரிய கேபினெட் ஏறாது. காலடியில் வைத்தால் மைக்குக்கு முன்பக்கம் வந்துவிடும். சின்ன கம்ப்யூட்டர் என் ஆடம்பரம் என்று வீட்டில் இன்னும் பேச்சிருக்கிறது. இல்லை, அது அந்தத் தட்டின் அளவு.

உதிரிகளில் பெரிய ரகசியம் எதுவும் இல்லை. 170 மில்லிமீட்டர் சதுரத்தில் ஒரு மினி ஐடிஎக்ஸ் போர்டு, 2021இல் வந்த ரைசன் 7 5700ஜி ப்ராசஸர், 32 ஜிபி ரேம், எஸ்எஸ்டி, 37 மில்லிமீட்டர் உயரமே உள்ள நாக்டுவா என்எச்-எல்9ஏ கூலர். படம் காட்டும் வேலையை 5700ஜி தானே பார்த்துக்கொள்வதால் கிராஃபிக்ஸ் கார்டு வேண்டாம். அதாவது பெட்டிக்குள் இரண்டாவது அடுப்பு வேண்டாம். ஹார்ட் டிஸ்க்கைக் கிட்டே சேர்க்காதீர்கள், அதன் அதிர்வு மேஜை வழியாகவே மைக்குக்கு ஏறும். கோர்க்கும் விதம், பேஸ்ட் தடவும் விதம், விண்டோஸ் ஏற்றும் விதம் எல்லாம் யூட்யூபில் கொட்டிக் கிடக்கிறது. அங்கே பார்த்துக்கொள்ளுங்கள்.

இனி எஸ்எம்பிஎஸ்.

சின்ன கேபினெட்டுகளை லிட்டர் கணக்கில் சொல்வார்கள். கம்ப்யூட்டர் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவில் நான் தேடிப் போனது பத்து லிட்டர் சுமாருக்கு, எஸ்எஃப்எக்ஸ் எஸ்எம்பிஎஸ் பொருந்துகிற ஒன்று. எஸ்எஃப்எக்ஸின் தடிமன் 63.5 மில்லிமீட்டர். உள்ளே 80 அல்லது 92 மில்லிமீட்டர் ஃபேன் படுத்திருக்கும். நான் போன கடையில் அந்த கேபினெட் இருப்பில் இல்லை. இல்லை என்று சொல்லி அனுப்பியிருக்கலாம். "சார் வரலையா மேடம்?" என்று கடைக்காரர் முதலில் விசாரித்தார். வரவில்லை என்றதும் நாலு லிட்டர் கேபினெட் ஒன்றையும் அதற்குப் பொருந்தும் ஃப்ளெக்ஸ் ஏடிஎக்ஸ் எஸ்எம்பிஎஸ்ஸையும் எடுத்து மேஜையில் வைத்தார். "இது இன்னும் சின்னது மேடம். சர்வர்ல எல்லாம் இந்த மாதிரிதான் போடுறாங்க. ஹெவி டியூட்டி."

நான் தெளிவாகக் கேட்டேன், சத்தம் வருமா என்று. "ஃபேனே சின்னது மேடம், என்ன சத்தம் வரப்போகுது?" என்றார். ஆன் செய்தும் காட்டினார். அந்தத் தெருவின் ஹாரனுக்கும் வண்டிக்கும் நடுவில் ஒரு ஜெனரேட்டர் ஓடினால்கூடத் தெரியாது. சர்வர் அறைக்குள் உட்கார்ந்து யாரும் நாவல் படிப்பதில்லை என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது. இதை என்னுடைய தவறு என்று எழுத இன்னும் மனம் வரவில்லை. கேட்ட கேள்விக்குச் சரியான பதில் சொல்வது விற்பவர் வேலை.

ஃப்ளெக்ஸ் ஏடிஎக்ஸின் அளவு 81.5க்கு 40.5க்கு 150 மில்லிமீட்டர். உயரம் 40.5 என்றால் உள்ளே நுழையும் ஃபேன் 40 மில்லிமீட்டர்தான். அந்தச் சுண்டைக்காய் ஃபேன் போதுமான காற்றை இழுக்க வேண்டுமானால் நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கில் சுற்றியாக வேண்டும். ஏழு இறக்கை ஃபேன் 6000 சுற்றில் ஓடுகிறது என்று வையுங்கள், நொடிக்கு 700 முறை இறக்கை காற்றை வெட்டும். 700 ஹெர்ட்ஸில் ஒரு கீச்சு, அதன் மேல் 1400, 2100 என்று மடங்குகள். பெரிய ஃபேனின் இரைச்சல் அடியில் 'உம்' என்று கிடக்கும், வடிகட்டிவிடலாம். இந்தக் கீச்சு மனிதக் குரல் இருக்கும் இடத்திலேயே வந்து உட்காருகிறது. அதை எடுக்கப் போனால் கூடவே என் சகரமும் றகரமும் தேய்ந்துவிடுகின்றன.

அதைவிட மோசம், அது ஒரே நிலையில் நிற்காதது. சூடு ஏறினால் வேகம் ஏறும், இறங்கினால் இறங்கும். இரைச்சல் நீக்கும் மென்பொருளுக்கு முதலில் சில விநாடி வெறும் இரைச்சலை மாதிரியாகக் காட்ட வேண்டும். அதை வைத்துக்கொண்டுதான் மிச்சத்திலிருந்து கழிக்கும். இரைச்சல் ஒரே சுதியில் இருந்தால் அழகாகக் கழித்துவிடும். பத்தாவது நிமிடத்தில் சுதி மாறினால் கழிப்பதற்கு ஒன்றுமில்லை. ஒரு நாவலின் முதல் பாதி அப்படியே திரும்பி வந்தது. தொண்டை வற்ற மறுபடி படித்தேன். அந்த உழைப்புக்குக் கூலி கிடையாது. எஸ்எம்பிஎஸ்ஸைத் திருப்பக் கொண்டுபோனால், "சீல் பிரிச்சாச்சே மேடம்" என்றார். சீலைப் பிரிக்காமல் எப்படி மாட்டுவது என்று கேட்டேன். பதிலுக்கு டீ வாங்கிக் கொடுத்தார்.

எங்கள் பகுதியில் கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்ப்பவர் ஒருவர், எஸ்எம்பிஎஸ்ஸைப் பிரித்து நல்ல ஃபேன் மாற்றித் தருகிறேன் என்றார். தயவுசெய்து இதற்கு ஒத்துக்கொள்ளாதீர்கள், நீங்களே ஸ்குரூடிரைவரோடு உட்காரவும் செய்யாதீர்கள். வீட்டுக்கு வரும் 230 வோல்ட் உள்ளே நேர்மின்சாரமாகும்போது 325 வோல்ட் ஆகிறது. பிஎஃப்சி சுற்று உள்ள எஸ்எம்பிஎஸ்ஸில் 400க்குப் பக்கத்தில் போகும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கண்டென்சர் அதைக் கொஞ்ச நேரம் பிடித்து வைத்திருக்கும். இன்னொன்று, சத்தமில்லாத ஃபேன் என்று மாட்டுவது காற்றைக் குறைவாகத் தள்ளும் ஃபேனாகத்தான் இருக்கும். சூட்டில் எஸ்எம்பிஎஸ் செத்துப் போகும்.

கடைசியில் அந்த எஸ்எம்பிஎஸ்ஸையே வெளியே எடுத்துவிட்டேன். பதிலுக்கு, போர்டின் 24 முள் சாக்கெட்டிலேயே நேராகச் செருகும் பிக்கோ பிஎஸ்யூ என்ற சின்னச் சர்க்யூட் அட்டை, வெளியே 12 வோல்ட், 150 வாட் அடாப்டர். இரண்டிலும் ஃபேன் கிடையாது. மாறுதிசை மின்சாரத்தை மாற்றும்போது பிறக்கும் சூடெல்லாம் அடாப்டரோடு வெளியே போய்விட்டது. எஸ்எம்பிஎஸ் இருந்த இடம் காலியாகி, உள்ளே காற்று நடமாட வழி கிடைத்தது. இதைச் சொன்னபோது கொழுந்தன், "லேப்டாப் சார்ஜர்ல டெஸ்க்டாப் ஓட்டுறீங்களா?" என்று சிரித்தான். ஓட்டுகிறேன். கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத என் கம்ப்யூட்டர் முழு மூச்சாக வேலை செய்தாலும் நூறு வாட்டைத் தொடுவதில்லை.

அடாப்டரில் மட்டும் காசு பார்க்காதீர்கள். நான் வாங்கிய வகை அட்டை, அடாப்டரின் 12 வோல்ட்டை அப்படியே போர்டுக்குக் கடத்துகிறது. எல்இடி பட்டைக்கு விற்கும் மலிவு அடாப்டரைப் போட்டால் அதன் தள்ளாட்டம் எல்லாம் நேராக போர்டில் போய் இறங்கும். பிஐஎஸ் பதிவு எண் அச்சிட்டதாகப் பாருங்கள். கம்ப்யூட்டருக்கு முழு வேலை கொடுத்துவிட்டு மல்டிமீட்டரில் அளந்தால் 11.4க்கும் 12.6க்கும் நடுவில் நிற்க வேண்டும். 150 வாட் என்றால் 12.5 ஆம்பியர், அதற்கு வழக்கமான ஒற்றை உருளைப் பின் தாங்காது, சூடேறும். நாலு முள் உள்ள டின் இணைப்பாகக் கேட்டு வாங்குங்கள். ராத்திரி எல்லாம் அடங்கிய பிறகு அடாப்டரைக் காதருகே வைத்துக் கேளுங்கள், சிலவற்றில் சுருள் லேசாக ரீங்கரிக்கும். என்னுடையதை நீளமான வயரோடு கதவுக்கு வெளியே தள்ளிவிட்டேன்.

சூட்டைப் பற்றி. யூட்யூப் விமர்சகர்கள் சோதிப்பது பெரும்பாலும் 20, 22 டிகிரி அறையில். அவர்கள் காட்டும் டிகிரியை நம் ஊருக்கு அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. 22 டிகிரி அறையில் ப்ராசஸர் 72 காட்டினால், அறையைவிட 50 அதிகம் என்று பொருள். என் அறையில் அது 84. 5700ஜியின் எல்லை 95. நெருக்கமாக இருக்கிறதல்லவா? அதனால் பயாஸில் ப்ராசஸரை 65 வாட்டிலிருந்து 45 வாட்டுக்கு இறக்கினேன். கோப்பை ஏற்றுமதி செய்யும்போது கொஞ்சம் தாமதம் ஆகிறது, நான் தண்ணீர் குடித்துவிட்டு வருகிறேன். படிக்கும்போது வித்தியாசமே தெரியாது. காசு செலவில்லாமல் கிடைத்த குளிர்ச்சி இதுதான், ஆனால் வேகத்தைக் குறைக்கச் சொல்ல எந்தக் கடைக்கும் மனசு வராது.

இன்னொரு மலிவான வேலை: கூலரின் ஃபேனுக்கும் கேபினெட்டின் துளைத்தகட்டுக்கும் நடுவில் விரற்கடை இடைவெளி இருந்தால், ஃபேன் வெளிக்காற்றை விட்டுவிட்டு உள்ளே சுற்றும் சூட்டையே திரும்ப இழுக்கும். அந்த இடைவெளியை வளையமாக அடைக்க நாக்டுவாவே என்ஏ-எஃப்டி1 என்று ஃபோம் விற்கிறது. நான் ஸ்டேஷனரி கடை ஃபோம் ஷீட்டை வெட்டி அடுக்கினேன், நாலைந்து டிகிரி குறைந்தது. போர்டின் முதுகில் ஒட்டியிருக்கும் எஸ்எஸ்டிக்குக் காற்றே போகாது. அதற்கும் கேபினெட் தகட்டுக்கும் நடுவில் தெர்மல் பேட் வைத்து, தகட்டையே ஹீட்சிங்க் ஆக்கிவிடுங்கள். வெள்ளிக்கிழமை சாம்பிராணி போடும் வீடாக இருந்தால் அந்த நேரம் கம்ப்யூட்டரை அணைத்துவிடுவது நல்லது. அந்தப் புகை ஹீட்சிங்க் தகடுகளில் பிசுக்காகப் படிந்து தூசியைப் பிடித்துக்கொள்கிறது, பிரஷ் போட்டாலும் வராது. மாமியாரிடம் இதைச் சொல்லும் விதம் உங்கள் சாமர்த்தியம்.

ஃபேனை ஆட்டோவில் விடாதீர்கள். ஒரு மென்பொருளைத் திறந்தாலே ப்ராசஸர் நொடியில் சூடாகி அடங்கும், ஃபேனும் கூடவே ஏறி இறங்கும். நான் பயாஸில் வேகத்தை ஒரே கோடாகப் போட்டுவிட்டேன். 85 டிகிரியைத் தாண்டினால் மட்டும் ஏறும். குறைந்த சத்தத்தைவிட மாறாத சத்தம் எனக்கு முக்கியம், அதை மென்பொருள் கழித்துவிடும். சித்திரை பிறந்ததும் அந்தக் கோட்டை ஒரு படி ஏற்றுகிறேன், ஐப்பசியில் மழை பிடித்ததும் இறக்குகிறேன். கம்ப்யூட்டருக்குப் பஞ்சாங்கமா என்று கொழுந்தன் கேட்கிறான். அவனுடைய பெரிய கேபினெட் நாள் முழுக்க ஏசியில் இருக்கிறது.