மாத்திரை முதலில், இட்லி பிறகு

பார்க்கின்சன் நோயுள்ள கணவரையோ மனைவியையோ ஆண்டுக்கணக்கில் பார்த்துக்கொள்பவருக்கு மருந்துப்பெட்டிக்கு நிகரான துணை கடிகாரம். முதன்மை மருந்தான லெவோடோபா குடலிலிருந்து இரத்தத்துக்கும், அங்கிருந்து மூளைக்கும் போகும் வழியில்தான் புரதத்தின் அமினோ அமிலங்களும் போகின்றன. இரண்டும் ஒன்றாகச் சேர்ந்தால் மருந்து பின்தங்கும்; நடுக்கமும் இறுக்கமும் கூடலாம். ஆகவே இட்லி சாம்பாருக்கு அரை மணி முன்போ, ஒரு மணி கழித்தோ மாத்திரை கொடுப்பது நல்லது. வெறும் வயிற்றில் குமட்டினால் ஒரு வாழைப்பழம் போதும்.

அப்படியானால் பருப்பையும் முட்டையையும் நிறுத்திவிடலாமா என்றால், கூடாது, உடல் இளைத்துப்போகும். மருத்துவரைக் கேட்டு, புரதத்தின் பெரும்பங்கை இரவுச் சாப்பாட்டுக்கு மாற்றலாம். மாத்திரை கொஞ்சம் தாமதமானால் என்ன என்று தோன்றும். தொடக்கத்தில் ஒன்றும் தெரியாதுதான். ஆண்டுகள் ஏற ஏற ஒவ்வொரு வேளை மருந்தின் பலனும் சீக்கிரம் தேய்வதால், தாமதம் நடையிலேயே தெரிந்துவிடும். பெங்களூரில் தொம்மலூரிலிருந்து ஓசூர் சாலை நிம்ஹான்ஸ் மருத்துவமனைக்குப் புறப்படும்போதும் நெரிசலை நம்பாமல் அடுத்த வேளை மாத்திரையையும் தண்ணீரையும் பையில் வையுங்கள். மாத்திரை கொடுத்த நேரம், நடை தடுமாறிய நேரம் இரண்டையும் குறித்துவைத்து மருத்துவரிடம் காட்டுங்கள். மருந்தை மட்டும் நீங்களாகத் திடீரென்று நிறுத்தாதீர்கள்.