'தொப்பூர்' என்னும் ஊர்ப்பெயரும் கணினித் தளங்களும்

முன்னுரை

தருமபுரி மாவட்டத்துத் தொப்பூர், இலக்கண நோக்கில் தொ, ப், பூ, ர் என நான்கு எழுத்துகளாலான பெயர். கணினியிலோ இப்பெயரின் குறியீட்டு எண்ணிக்கையும் பைட்டு அளவும் தளத்திற்கேற்ப மாறக்கூடும். இதனால் ஊர்ப்பெயர்த் தரவுகளில் நேரும் தேடற்பிழையை இக்கட்டுரை ஆராய்கிறது.

இயங்குதள வேறுபாடு

ஒருங்குறியில் ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும், ஒற்றைக்கொம்பு, துணைக்கால் என இரண்டாகவும் எழுதலாம். இரண்டும் சமம் என்பது ஒருங்குறி விதி. முதல் முறையில் தொப்பூர் 8 குறியீடுகள். யுடிஎஃப்-8 வடிவில் 24 பைட்டுகள். இரண்டாம் முறையில் 9 குறியீடுகள், 27 பைட்டுகள். ஆப்பிளின் எச்எஃப்எஸ் பிளஸ் கோப்பு முறைமை கோப்புப்பெயரைப் பிரித்தே சேமித்தது. லினக்ஸ் கோப்பு முறைமைகள் பெரும்பாலும் உள்ளிட்டவாறே வைக்கின்றன. பைட்டுகளை மட்டும் ஒப்பிடும் நிரலுக்கு ஓரூர் ஈரூராகும்.

நிரல்பெயர்ப்பி வேறுபாடு

சி மொழியின் அகலக் குறியுருவுக்கு விண்டோசில் மைக்ரோசாஃப்ட் நிரல்பெயர்ப்பி 2 பைட்டுகளும், லினக்சில் ஜிசிசி 4 பைட்டுகளும் ஒதுக்குகின்றன. அதே 8 குறியீடுகள் முன்னதில் 16 பைட்டுகளாகவும் பின்னதில் 32 பைட்டுகளாகவும் அமைகின்றன. நினைவகத்தில் உள்ளவாறே எழுதப்பட்ட கோப்பு மறுதளத்தில் பிழைபடும்.

முடிவுரை

தொடரடைவு உருவாக்குவோர் தரவை யுடிஎஃப்-8 வடிவில் சேமித்து, ஒப்பிடுமுன் ஒரே வடிவிற்கு இயல்பாக்குதல் வேண்டும். இல்லையேல் நிரலின் பிழை, மொழியில் சான்றின்மையாகக் கொள்ளப்படும்.