கூலன்ற் தெரிதலும் இட்டு நிரப்பலும்

தமிழ் கற்பிப்போர் மோட்டார் வண்டியைப் பற்றி எழுதப் புகுவது சிலர்க்கு வியப்பாகலாம். வண்டி செலுத்துவோர் யாவர்க்கும் வேண்டிய இவ்வறிவு பிறமொழிக் கையேடுகளிலேயே அடங்கிக் கிடக்கின்றது. அதனை ஒருமுறை தமிழில் ஒழுங்காகச் சொல்லிவைத்தல் எமது தொழிலுக்குப் புறம்பானதன்று எனக் கருதுகின்றோம். எடுத்துக்காட்டாக நாம் கொள்வது, யப்பானிய மஸ்டா நிறுவனத்தார் 1989ஆம் ஆண்டில் வெளியிட்ட எம்.எக்ஸ்.-5 என்னும் இருவர் ஏறும் ஸ்போட்ஸ் கார். பழைய ஆங்கிலத் திறந்த கார்களின் சாயலில் அமைந்த இவ்வண்டியின் முன்முகம் தாழ்ந்தது. காற்றுப் புகும் வாயும் சிறியது. எஞ்சினோ விரைந்து சுழல்வது. ஆகவே பெரிய வண்டி பொறுக்கும் கவலையீனத்தை இது பொறாது.

கூலன்ற் என்பதற்குத் தமிழ்ச் சொல் தேடியதுண்டு. தேநீரை ஆற்றுகின்றோம் ஆதலின், எஞ்சினை ஆற்றும் நீரை 'ஆற்றுநீர்' எனலாமோ என எண்ணினோம். கேட்போர் மகாவலி கங்கையை நினைப்பர் என அஞ்சி அதனை விடுத்தோம். கடைகளிலும் கராச்சுகளிலும் வழங்கும் சொல்லே இங்கும் நிற்க.

"எமது நாட்டில் நீர் உறைவதில்லையே, கிணற்றுநீர் போதாதா?" என்று கேட்போர் இன்றும் பலர். வெப்பத்தைச் சுமந்து செல்வதில் நீருக்கு நிகரில்லை என்பது உண்மையே. எதிலீன் கிளைக்கோலும் நீரும் சரிபாதியாய்க் கலந்த கூலன்றின் தன்வெப்பம், தனிநீரினதிலும் ஏறக்குறைய ஆறிலொரு பங்கு குறைந்தது. ஆயினும் தனிநீர் 100 பாகை செல்சியசில் கொதிக்க, அக்கலவை ஏறத்தாழ 107 பாகையிலேயே கொதிக்கும். றேடியேற்றரின் மூடி வளியமுக்கத்துக்கு மேலாக மேலும் ஒரு வளியமுக்கத்தை உள்ளே தேக்கிவைத்தால், நீரின் கொதிநிலை 120 பாகை அளவிற்கும் கலவையின் கொதிநிலை 130 பாகையை அண்மித்தும் உயரும். நெரிசலில் நின்று நின்று செல்லும்போது எஞ்சினைக் காப்பது இந்த இடைவெளியே. குளிர்நாடுகளில் வாழும் எம் பழைய மாணவர்க்கு மற்றப் பக்கம் முக்கியம்: அச்சரிபாதிக் கலவை -37 பாகை வரை உறையாது. நீர் கலவாத கிளைக்கோலோ -13 பாகையளவில் உறைந்துவிடும். 'செறிவு கூடினாற் காவலும் கூடும்' என எண்ணி முழுதும் கிளைக்கோலாக நிரப்புவோர் இதனைக் கருத்திற் கொள்க. நூற்றுக்கு 60 பங்கிற்கு மேற்படக் கூடாது என்பது மஸ்டாவின் கையேட்டு விதி.

இனி, கொதிநிலையினும் பெரிதொரு காரணம் உண்டு. முதற்றலைமுறை எம்.எக்ஸ்.-5இன் எஞ்சின் உடல் வார்ப்பிரும்பு, தலைப்பகுதி அலுமினியம். இருவேறு உலோகங்கள் ஒரே நீரில் தோய்ந்திருந்தால் மின்கலத்தில் நிகழ்வது அங்கும் நிகழும் என்பதை விஞ்ஞான வகுப்பு மாணவர் அறிவர். இளைப்பது அலுமினியமே. 2005இல் வந்த மூன்றாந் தலைமுறையில் உடலும் அலுமினியமாயிற்று. ஆயினும் அரிப்பு அச்சம் நீங்கவில்லை. கூலன்றிற் சிறிதளவாகச் சேர்க்கப்படும் அரிப்புத் தடுப்பான்களே உலோகத்தின்மேல் மெல்லிய காப்புப் படலத்தை உண்டாக்குகின்றன. கூலன்றுகள் தம்முள் வேறுபடுவதும் பெரும்பாலும் இத்தடுப்பான்களினாலேயே.

பழையவகைக் கூலன்றிற் சிலிக்கேற்று, பொசுபேற்று முதலிய உப்புகள் தொழில் செய்தன. அவை விரைவிற் செலவழிவதால் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றுதல் வழக்கமாயிற்று. பின்னர்ச் சேதன அமிலங்களைக் கொண்ட நீடாயுள் வகை பரவியது. இவ்விடத்தில் நாடுகள் பிரிந்தன. ஐரோப்பியரின் நீர் வன்னீர். அதிலுள்ள கல்சியம் பொசுபேற்றுடன் கூடிக் கல்லாகப் படியும். ஆகவே அவர்கள் பொசுபேற்றை விலக்கிச் சிலிக்கேற்றைக் கொண்டனர். யப்பானியரோ சிலிக்கேற்று நீர்ப்பம்பியின் அடைப்பைத் தேய்க்குமென்று அதனை ஒதுக்கிப் பொசுபேற்றைக் கொண்டனர். மஸ்டாவின் கையேடு சிலிக்கேற்று, போரேற்று, மதுசாரம் உள்ள கூலன்றுகளை வெளிப்படையாகவே விலக்குகின்றது.

யாழ்ப்பாணத்தார் இங்கே சற்று நிற்றல் வேண்டும். எமது குடாநாடு சுண்ணாம்புக்கற் பாறைமீது கிடப்பது. கேத்தலின் அடியிற் படியும் வெண்படையை அறியாத வீடு இங்கே இல்லை. அந்த வன்னீரை யப்பானியக் கூலன்றுடன் கலப்போமாயின், ஐரோப்பியர் அஞ்சிய அதனையே நாம் வலிந்து வருவித்தவர்கள் ஆவோம். றேடியேற்றரின் நுண்குழாய்கள் அடைபடும். கடலோரக் கிணறுகளின் உவர்நீரில் உள்ள குளோரைட்டு அலுமினியத்தையும் குடையும். செறிந்த கூலன்றை வாங்குவோர் காய்ச்சி வடித்த நீரை, அன்றேல் கனிப்பொருள் நீக்கிய நீரைக் கலத்தல் வேண்டும். முன்னரே கலந்து விற்கப்படுவது கிடைப்பின் எமது தெரிவு அதுவே. விலை சிறிது கூடும். மனக்கணக்கில் தவறு நேராது.

நிறத்தை நம்புவோர் பலர். பச்சைக்குப் பச்சை, சிவப்புக்குச் சிவப்பு என்பது சேலைக்குப் பொருந்தலாம், கூலன்றுக்குப் பொருந்தாது. நிறம் வெறுஞ் சாயம். கசிவு கண்ணிற் படுவதற்காகச் செய்வோர் சேர்ப்பது. மஸ்டாவின் எவ்.எல்.22 என்னும் நீடாயுட் கூலன்றும் பச்சை, ஈராண்டுக்கொருமுறை மாற்றும் பழையவகையும் பச்சை. குளிராக்கும் தொகுதியின் மூடியிலோ அதன் அருகிலோ 'எவ்.எல்.22' எனப் பொறிக்கப்பட்டிருப்பின் அவ்வகையையே இடல் வேண்டும். பொறிக்கப்படாத பழைய வண்டிக்குக் கையேடு கூறுவதே பிரமாணம். ஒவ்வா இரண்டைக் கலந்தால் தடுப்பான்கள் வலுவிழக்கும். சிலவேளை கூழாகத் திரளவுங் கூடும்.

இட்டு நிரப்பும் முறை எளிது. பொறுமை ஒன்றே அரிது. எஞ்சின் நன்கு ஆறும்வரை மூடியைத் தொடலாகாது. அமுக்கத்தில் அடங்கியிருக்கும் கூலன்று கொதிநிலைக்கு மேற்பட்ட சூட்டில் இருக்கலாம்; மூடி திறந்த கணமே நீராவியாய்ச் சீறி முகத்தையும் கையையும் வேகவைக்கும். காலையில், வண்டியை ஓட்டுமுன், பக்கத்துப் போத்தலின் மேற்குறிக்கும் கீழ்க்குறிக்கும் இடையே மட்டம் நிற்கின்றதா எனப் பார்த்தல் நன்று. மேற்குறியைத் தாண்டி நிரப்பலாகாது. சூட்டில் விரியும் கூலன்றுக்கு இடம் வேண்டும். முதற்றலைமுறை வண்டியில் மூடி றேடியேற்றரின்மேல் இருக்கும். சூட்டில் விரிந்தது போத்தலுக்குச் சென்று, ஆறியதும் மீள உறிஞ்சப்படும். மூடியின் வாயில் பழுதாயின், போத்தல் நிறைந்து தோன்ற றேடியேற்றர் வெறிதாயிருக்கும். ஆகவே ஆறிய வண்டியில் இரண்டையும் பார்த்தல் வேண்டும்.

குறைந்ததை நீரால் ஈடுசெய்வோர்க்காக ஒரு சிறு கணக்கு. தொகுதி 6 லீற்றர் கொள்வது எனவும், அதிற் பாதி கிளைக்கோல் எனவும் வைப்போம். ஒரு லீற்றர் கசிந்து, நீர் ஒரு லீற்றர் இட்டால், கிளைக்கோல் நூற்றுக்கு 42 ஆகும். இரண்டாம் முறை 35. மூன்றாம் முறை 29. தடுப்பான்களும் அதே வீதத்தில் தேயும். நடுவழியில் வேறு கதியின்றி நீர் இட்டால் குற்றமில்லை. ஊர் சேர்ந்ததும் வடித்துச் சரியான கலவையை நிரப்புதல் வேண்டும்.

அன்றியும், அடைத்த தொகுதியில் மட்டம் அடிக்கடி குறைவதே ஒரு நோய்க்குறி. குழாய் இணைப்பில் வெண்பொருக்கு, பயணி காலடியில் ஈரமும் இனிய மணமும், புகைபோக்கியில் ஓயாத வெண்புகை, எண்ணெய் மூடியின் கீழே பால்போன்ற படிவு ஆகியவற்றைத் தேடுக. இறுதி இரண்டும் தலைப்பகுதியின் கஸ்கெற் பழுதைச் சுட்டலாம். மெக்கானிக்கிடம் தாமதியாது செல்க. முதற்றலைமுறை எம்.எக்ஸ்.-5இல் றேடியேற்றரின் பிளாஸ்ரிக்கு மேற்றொட்டி கருமை மாறிப் பழுப்பேறுமாயின், அது வெடிக்கும் நாள் தொலைவில் இல்லை. வெப்பமானியின் முள்ளை மட்டும் நம்பியிருத்தலும் தகாது. கூலன்று வடிந்தபின் உணரி வெறும் ஆவியில் நிற்க, முள் அமைதி காட்டும். அதற்குள் அலுமினியத் தலை கோணிவிடும்.

எதிலீன் கிளைக்கோல் கொடிய நஞ்சு, சுவையோ இனிப்பு. சிறிதளவு பருகினாலும் சிறுநீரகம் கெடும். குழந்தைக்கும் நாய்க்கும் உயிரே போகும். எஞ்சியதைச் சோடாப் போத்தலில் ஊற்றி வைக்கும் வழக்கம் பல வீடுகளிற் காண்கின்றோம். அது இன்றே ஒழிதல் வேண்டும். விற்ற கலத்திலேயே, பெயர்ச்சீட்டுடன், பிள்ளைகளின் கைக்கெட்டாது பூட்டி வைக்க. யாரேனும் பருகிவிடின், அறிகுறிக்குக் காத்திராது கலத்தையும் எடுத்துக்கொண்டு வைத்தியசாலைக்கு விரைக. மாற்று மருந்து உண்டு, ஆனால் நேரம் அதற்கு இன்றியமையாதது. வடித்த பழைய கூலன்றை வளவிலோ கிணற்றடியிலோ ஊற்றலாகாது. சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகள் வழியே அது நிலத்தடி நீரை விரைவில் அடையும். மூடிய கலத்திற் சேர்த்து, கழிவெண்ணெய் ஏற்கும் கராச்சில் விசாரித்து ஒப்படைக்கலாம்.