காசநோய் ஆய்வுக்குக் கிளம்பும் தங்கைக்கு

அன்புள்ள தங்கைக்கு,

பொதுச் சுகாதாரப் படிப்பை முடித்த கையோடு காசநோய் ஆய்வுத் திட்டம் ஒன்றில் சேர்ந்திருக்கிறாய். மனமார்ந்த வாழ்த்துகள். உலகச் சுகாதார ஆய்வில் பெரும்பாலும் பணம் ஒரு நாட்டிலிருந்து வருகிறது, திட்டம் இன்னொரு நாட்டில் எழுதப்படுகிறது, சளி மாதிரியை மட்டும் நம் ஊர் ஏழைகள் தருகிறார்கள். இந்த ஏற்பாட்டுக்குள் நுழையும் உனக்கு நான் சொல்ல விரும்புவது ஒன்றே: நோயாளி எப்படி வாழ்கிறார் என்பதைப் பார்த்துவிட்டு, அங்கிருந்து உன் கேள்வியைத் தொடங்கு.

இதற்குச் சென்னையே சாட்சி. இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில், சென்னை அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில் ஆகிய நான்கும் சேர்ந்து 1956-இல் இங்கே ஒரு காசநோய் ஆய்வு மையத்தைத் தொடங்கின. சேத்துப்பட்டில் இன்று இயங்கும் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் அதன் தொடர்ச்சிதான். அந்தக் காலத்தில் காசநோய் என்றால் சானடோரியம். முழு ஓய்வு, நல்ல காற்று, சத்தான சாப்பாடு. நம் நாட்டில் இருந்த நோயாளிகளுக்கோ அந்தப் படுக்கைகள் எந்த மூலைக்கும் போதாது. எனவே அந்த மையத்தின் வாலஸ் ஃபாக்ஸும் அவர் குழுவினரும் கேள்வியையே மாற்றிக் கேட்டார்கள்: நெரிசலான வீட்டில் இருந்தபடியே மருந்து சாப்பிட்டால் குணமாகாதா?

193 நோயாளிகளைச் சமவாய்ப்பு முறையில் பிரித்து, ஒரு பகுதியினருக்குச் சானடோரியத்திலும் மற்றவர்களுக்கு வீட்டிலும் சிகிச்சை தந்தார்கள். இரு தரப்புக்கும் அதே ஐசோனியசிட், அதே பாஸ் மருந்து, ஓராண்டுக்கு. வீட்டில் இருந்தவர்களுக்கு ஓய்வும் குறைவு, சாப்பாடும் குறைவு. இருந்தும் 1959-இல் வெளியான முடிவில், அவர்கள் ஏறத்தாழ அதே அளவுக்குக் குணமாகியிருந்தார்கள். கூட வாழ்ந்த குடும்பத்தினரை ஐந்தாண்டுகள் தொடர்ந்து பார்த்தபோது, நோயாளி வீட்டிலேயே இருந்ததால் அவர்களுக்குக் கூடுதல் ஆபத்து ஏதும் வரவில்லை என்பதும் தெரிந்தது. சானடோரியங்களின் காலம் முடிந்ததில் இந்த ஆய்வுக்குப் பெரிய பங்கு உண்டு.

அந்த முடிவை நம்பத்தக்கதாக்கியவர்களை நினைத்துப் பார். முன்னறிவிப்பின்றி வீடுகளுக்குப் போய், மிச்சமிருந்த மாத்திரைகளை எண்ணி, மருந்து உள்ளே போயிருக்கிறதா என்று பார்க்கச் சிறுநீர் மாதிரி வாங்கி வந்த பணியாளர்கள் அவர்கள். ஒரு தெருவில் அவர்கள் பேச்சுக்கு மதிப்பு இல்லாமல் போயிருந்தால், கட்டுரையில் எந்த எண்ணுக்கும் மதிப்பு இருந்திருக்காது.

இரண்டாவது சாட்சி கர்நாடகத்தின் தும்கூர். கிராமத்து மக்கள் இருமலைப் பொருட்படுத்த மாட்டார்கள், அறியாமைதான் தடை என்று அதிகாரிகள் நம்பிய காலம் அது. பெங்களூர் தேசிய காசநோய் நிறுவனத்தைச் சேர்ந்த பானர்ஜியும் ஆண்டர்சனும் அதை நேரில் விசாரித்து 1963-இல் எழுதினார்கள். காசநோய் கண்டிருந்தவர்களில் சுமார் பாதிப் பேர் ஏற்கெனவே அரசு மருத்துவ நிலையங்களைத் தேடிப் போயிருந்தார்கள். அங்கே அவர்களுக்குக் கிடைத்தது இருமல் மருந்து. தவறு எந்தப் பக்கம் என்று இனிச் சொல்ல வேண்டியதில்லை. மக்களுக்கு விழிப்புணர்வு இல்லை என்று உன் அறிக்கையில் எழுதக் கை போகும்போதெல்லாம் தும்கூரை நினைத்துக்கொள். அவர்கள் எந்தக் கதவைத் தட்டினார்கள், அங்கே என்ன நடந்தது என்று முதலில் கேள்.

மூன்றாவது ஜார்க்கண்ட். குணமாவதற்குச் சத்தான உணவு நிபந்தனை அல்ல என்று சென்னை ஆய்வு சொன்னதை, உணவே முக்கியமில்லை என்று பலர் வாசித்துக்கொண்டார்கள். ஆனால் அந்த ஆய்வு கேட்டது சிகிச்சையைப் பற்றி. பட்டினி கிடக்கும் வீட்டில் அடுத்தவருக்கு நோய் வருமா என்பதை அது கேட்கவில்லை. அனுராக் பார்கவா, மாதவி பார்கவா உள்ளிட்ட ஆய்வாளர்கள் அதைக் கேட்டார்கள். 2,800 நோயாளிகள், அவர்களுடைய வீடுகளில் வாழ்ந்த 10,345 பேர். நோயாளிகள் எல்லோருக்கும் உணவுப் பொருள் கொடுத்தார்கள். ஒரு பகுதி வீடுகளில் குடும்பத்தினருக்கும் மாதந்தோறும் அரிசியும் பருப்பும் சத்து மாத்திரையும் போய்ச் சேர்ந்தன. அந்த வீடுகளில் புதிதாகக் காசநோய் வருவது 39 சதவீதம் குறைந்தது என்று 2023-இல் லேன்செட்டில் முடிவு வெளியானது. அரிசியும் பருப்பும் நோய்த்தடுப்பின் பகுதி என்பதற்கு இப்போது வலுவான சான்று இருக்கிறது.

ஆகவே படிவத்தை அச்சுக்கு அனுப்பும் முன், கொஞ்ச காலம் களப்பணியாளர்களோடு வீடு வீடாகப் போ. கூலி வேலைக்குப் போகிறவர் எத்தனை மணிக்கு வீடு திரும்புகிறார், ஆஸ்பத்திரிக்கு ஒரு முறை போய்வர எவ்வளவு செலவாகிறது, மருந்துப் பட்டையைப் பெண்கள் ஏன் மறைத்து வைக்கிறார்கள் என்பதெல்லாம் அங்கேதான் தெரியும். ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து வாங்குவதோடு நின்றுவிடாதே. அதை வாய்விட்டுப் படித்துக் காட்டி, வேண்டாம் என்று அவர்கள் சொன்னால் மனக்குறை இல்லாமல் எழுந்து வா. ஆய்வு முடிந்ததும் முடிவை முதலில் அந்தத் தெருவுக்குக் கொண்டுபோ. கட்டுரை எழுதும்போது களப்பணியாளர்களுக்கு உரிய இடத்தைக் கேட்டு வாங்கிக் கொடு.

தொலைவில் இருப்பவர்கள் எழுதிய கேள்வி ஒன்று நம் வீடுகளுக்குப் பொருந்தவில்லை என்று தெரிந்தால், கூட்டத்தில் எழுந்து சொல். நீ இளையவள் என்பதோ, நிதி அவர்களுடையது என்பதோ தடையாக வேண்டாம். அந்த வீடுகளுக்குள் போய் வந்தவள் நீ. அங்கே பார்த்ததைச் சொல்வதும் உன் வேலைதான்.

அன்புடன்,
உன் அக்கா