‘இப்ப எங்கே இருக்கே?’ - செல்போன் பதில் சொல்லலாமா?

“இந்த ஆப்பை உன் போன்ல போட்டுக்கோ. நீ எங்கே இருக்கேன்னு தெரிஞ்சா எனக்கு நிம்மதி!”

வீட்டில் கணவர் இப்படிச் சொல்லலாம். அண்ணன் சொல்லலாம். வேலை பார்க்கிற இடத்தில் சூப்பர்வைசர் சொல்லலாம். கேட்பதற்கு அக்கறை மாதிரிதான் இருக்கும். கொஞ்சம் தயங்கினால் போதும், “ஏன், மறைக்கிறதுக்கு என்ன இருக்கு?” என்று அடுத்த கேள்வி வந்துவிடும். அந்தக் கேள்விக்குப் பயந்தே பல பெண்கள் “சரி” என்று தலையாட்டி விடுகிறார்கள்.

உடம்பையும் மனசையும் பற்றிப் பேசுகிற பத்திரிகையில் செல்போன் ஆப்புக்கு என்ன வேலை என்கிறீர்களா? இருக்கிறது. மேலே படியுங்கள்.

நடமாட்டமும் ஒரு மருத்துவக் குறிப்பே!

ஜவ்வாது மலை அடிவாரத்து ஆலங்காயத்தையே எடுத்துக் கொள்வோம். அங்கிருந்து வாணியம்பாடி, ஆம்பூர் பக்கம் ஷூ கம்பெனி வேலைக்குப் போய் வருகிற ஒரு பெண்ணை நினைத்துக் கொள்ளுங்கள். நாள் முழுக்க அவள் இருக்கும் இடம் ஒரு வரைபடத்தில் புள்ளியாக நகர்கிறது. ஒருநாள் அந்தப் புள்ளி மகப்பேறு டாக்டரின் கிளினிக்கில் அரை மணி நேரம் நிற்கிறது. இன்னொரு நாள் காசநோய்ப் பரிசோதனை நடக்கும் இடத்தில். வேறொரு நாள் எச்.ஐ.வி. பரிசோதனை செய்யும் நம்பிக்கை மையத்தில், அல்லது மனநல டாக்டர் வீட்டு வாசலில்.

அவள் யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆனால் புள்ளி சொல்லிவிட்டது! டாக்டர் காக்க வேண்டிய ரகசியத்தை, பையில் இருக்கும் போன் காட்டிக் கொடுத்துவிட்டது. இதற்குப் பயந்து அடுத்த முறை டாக்டரிடம் போவதையே அவள் தள்ளிப் போட்டால்? அங்கேதான் விஷயம் உடல்நலப் பிரச்னை ஆகிறது.

மனசையும் சும்மா விடுமா? ‘பார்த்துக்கிட்டே இருக்காங்க’ என்ற எண்ணம் வந்துவிட்டால் பஸ் பத்து நிமிஷம் லேட்டானாலே நெஞ்சு படபடக்கும். தோழியோடு நின்று ஒரு டீ குடிக்கப் பயம். ராத்திரித் தூக்கமும் கெடும்.

புள்ளி எப்போதும் உண்மை பேசுமா?

பேசாது. போன் தன் இடத்தை மூன்று வழிகளில் கண்டுபிடிக்கிறது. வானத்தில் சுற்றும் ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்கள், செல்போன் டவர்கள், பக்கத்தில் இருக்கும் வைஃபை. திறந்த வெளியில் ஜி.பி.எஸ். சில மீட்டருக்குள் சரியாகச் சொல்லிவிடும். ஆனால் கட்டடத்துக்குள்ளோ, மலை மறைவிலோ, அடர்ந்த மரங்களுக்கு அடியிலோ தடுமாறும். டவரை மட்டும் நம்பினால் கிலோ மீட்டர் கணக்கில்கூடத் தப்பு வரலாம்.

ஆலங்காயத்திலிருந்து காவலூர் வானாய்வகம் பக்கம் மலையேறும்போது சிக்னல் விட்டுப் போகிறது என்று வையுங்கள். புள்ளி பழைய இடத்திலேயே நின்றுவிடும். சிக்னல் வந்ததும் ‘டபக்’கென்று வேறு இடத்துக்குத் தாவும். “அங்கே ஏன் ஒரு மணி நேரம் நின்னே? ஏன் பொய் சொல்றே?” என்று வீட்டில் ரகளை ஆனால், தப்பு யார் மேல்?

அரசாங்கமே இறங்கி வந்த கதை

ஆப்பைப் போடச் சொல்லி வற்புறுத்துவது புதிதல்ல. கொரோனா காலத்தில் நாடே இதைப் பார்த்தது. 2020 ஏப்ரல் 2 அன்று மத்திய அரசு ‘ஆரோக்ய சேது’ ஆப்பை வெளியிட்டது. ஜி.பி.எஸ்., ப்ளூடூத் இரண்டையும் வைத்து, தொற்று உள்ளவர் அருகில் யார் இருந்தார்கள் என்று கண்டுபிடிப்பது அதன் நோக்கம். மே 1-ம் தேதி உள்துறை அமைச்சகம் போட்ட உத்தரவில், அரசு, தனியார் ஊழியர்கள் அனைவருக்கும் அது கட்டாயம் என்று சொல்லப்பட்டது. எதிர்ப்பு கிளம்பியது. மே 17-ம் தேதி வந்த அடுத்த உத்தரவில் அந்தக் கட்டாயம் தளர்ந்து, ‘முடிந்த அளவு முயற்சி செய்யுங்கள்’ என்று மாறியது.

வழக்கு கர்நாடக உயர் நீதிமன்றத்துக்குப் போனது. ஆப் இல்லை என்பதற்காக அரசு சேவைகளை மறுக்கக் கூடாது என்று அந்த நீதிமன்றம் 2020 அக்டோபரில் சொன்னது. சம்மதம் பெறாமல் தகவல்களைப் பகிரவும் 2021 ஜனவரியில் இடைக்காலத் தடை போட்டது. தொடர்பு கண்டறியும் வசதி நிறுத்தப்பட்டு, அதில் சேர்ந்த தகவல்கள் அழிக்கப்பட்டுவிட்டதாக 2023-ல் நாடாளுமன்றத்தில் அரசு தெரிவித்தது.

இதில் நமக்கு என்ன பாடம்? ஒரு பெரும் தொற்று நோய் நேரத்திலேயே, “எதுக்கு? யார் பார்ப்பாங்க? எப்ப அழிப்பீங்க?” என்ற கேள்விகள் நியாயமானவை என்று ஏற்கப்பட்டன. அப்படியிருக்க, நம் வீட்டிலும் வேலையிடத்திலும் அதே கேள்விகளைக் கேட்டால் அது திமிர் ஆகுமா?

உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒருமனதாகச் சொன்ன தீர்ப்பு இது: அந்தரங்கம் ஓர் அடிப்படை உரிமை.

சம்மதிக்கும் முன் நான்கு கேள்விகள்

1. எதற்காக? ‘சும்மா இருக்கட்டும்’ என்பது காரணமே இல்லை. ராத்திரி ஷிஃப்ட் முடிந்து வரும்போது பாதுகாப்புக்கு என்றால், அது காரணம்.

2. யார் யார் பார்ப்பார்கள்? கணவர் மட்டுமா, அவர் தம்பியுமா? சூப்பர்வைசர் மட்டுமா, ஆபீஸ் முழுக்கவா?

3. எத்தனை நேரம்? வாட்ஸ்அப்பில் நேரடி இருப்பிடத்தை 15 நிமிஷம், 1 மணி நேரம், 8 மணி நேரம் என்று அளவு வைத்துத்தான் அனுப்ப முடியும். நேரம் முடிந்தால் தானாக நின்றுவிடும். ‘நிறுத்தும்வரை’ என்று காட்டிக்கொண்டே இருக்கும் ஆப்களைவிட இது எவ்வளவோ மேல்.

4. நான் நினைத்தால் நிறுத்தலாமா? நிறுத்தினால் சண்டை வரும் என்றால் அதற்குப் பெயர் சம்மதம் அல்ல, கட்டாயம்.

போனில் பார்க்க வேண்டியவை

* செட்டிங்ஸில் ‘லொகேஷன்’ பகுதியைத் திறந்தால், எந்தெந்த ஆப்புக்கு அனுமதி இருக்கிறது என்று தெரியும். ‘எப்போதும்’ என்று இருப்பதை ‘ஆப்பைப் பயன்படுத்தும்போது மட்டும்’ என்று மாற்றலாம். ‘துல்லியமான இருப்பிடம்’ என்பதையும் அணைக்கலாம். அப்போது தோராயமான பகுதி மட்டுமே தெரியும்.

* கூகுள் மேப்ஸில் ‘லொகேஷன் ஷேரிங்’ போய்ப் பாருங்கள். எப்போதோ யாருக்கோ கொடுத்தது இன்னும் ஓடிக் கொண்டிருக்கலாம்.

* போனை வாங்கிக் கொடுத்தவரோ, கடைக்காரரோ தங்கள் ஜிமெயிலைப் போட்டுக் கொடுத்திருக்கிறார்களா? பாஸ்வேர்டு தெரிந்தவர், எந்த ஆப்பும் போடாமலே உங்கள் போன் இருக்கும் இடத்தைப் பார்க்க முடியும். உங்களுக்கென்று தனிக் கணக்கு, உங்களுக்கு மட்டும் தெரிந்த பாஸ்வேர்டு வைத்துக் கொள்ளுங்கள்.

எப்படிப் பேசுவது?

வீட்டில்: “ஏங்க, நான் கம்பெனிக்குப் போய்ச் சேர்ந்ததும் மெசேஜ் போடறேன். பஸ் லேட்டானா போன் பண்றேன். ராத்திரி வர்ற நேரம் மட்டும் இருப்பிடம் அனுப்பறேன். நாள் பூரா வேண்டாம்.”

வேலையிடத்தில்: “சார், டூட்டி நேரத்துக்குப் போட்டுக்கறேன். டூட்டி முடிஞ்சதும் அணைச்சுடுவேன். அதுக்கு எழுத்துல ஒரு வரி கொடுத்துடுங்க.” தனியாகக் கேட்கத் தயக்கமா? நாலு பேர் சேர்ந்து கேளுங்கள். 2021-ல் ஹரியானாவின் ஆஷா பணியாளர்கள், தங்கள் போனில் ஏற்றச் சொன்ன ஓர் ஆப் தங்களைக் கண்காணிக்கிறது என்று சேர்ந்தே எதிர்த்தார்கள்.

2023-ல் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. சம்மதம் கொடுப்பது எத்தனை சுலபமோ, திரும்பப் பெறுவதும் அத்தனை சுலபமாக இருக்க வேண்டும் என்கிறது அது. வேலை கொடுப்பவர்களுக்குச் சில விலக்குகள் உண்டு. 2025 நவம்பரில் வெளியான விதிகளின்படி இந்தச் சட்டம் படிப்படியாகத்தான் அமலுக்கு வருகிறது.

அடி, மிரட்டல் இருக்கிற வீடா? உஷார்!

கை ஓங்குகிற, மிரட்டுகிற மனிதர் ஆப்பைப் போட்டிருந்தால், அதைச் சட்டென்று அழிக்காதீர்கள். அழித்தது அவருக்குத் தெரிந்து ஆத்திரம் கூடலாம். முதலில் நம்பிக்கையான ஒருவரிடம் சொல்லுங்கள். அவர் போனிலிருந்து பெண்கள் உதவி எண் 181-ஐக் கூப்பிடுங்கள். குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் (2005) மனரீதியான கொடுமையையும் வன்முறை என்றே சொல்கிறது. அதற்காக மாவட்டந்தோறும் பாதுகாப்பு அலுவலர் இருக்கிறார். உடனடி ஆபத்து என்றால் 112. மனசு தாங்கவில்லை என்றால் 14416-ல் இலவசமாகப் பேசலாம்.

ஒரேயடியாக வேண்டாம் என்பதா?

இல்லவே இல்லை. மலைக் கிராமத்தில் பிரசவ வலி எடுத்தவருக்காக 108-ஐ அழைக்கும்போது இருக்கும் இடம் தெரிந்தால், அது உயிர் காக்கும். தமிழகக் காவல் துறை 2022-ல் கொண்டு வந்த ‘காவல் உதவி’ ஆப்பும் ஆபத்தில் நீங்களாகவே பட்டனை அழுத்தும்போது இருப்பிடத்தை அனுப்புவதற்குத்தான். இரண்டிலும் தீர்மானிப்பது நீங்கள் என்பதைக் கவனியுங்கள்.

இதைப் படிப்பவர் கேட்கிற பக்கம் இருப்பவரா? கணவரா, அண்ணனா, வயசுப் பெண்ணைப் பெற்ற அம்மாவா? உங்கள் கவலை நியாயமானது. ஆனால் புள்ளி, அவள் எங்கே இருக்கிறாள் என்று மட்டும்தான் சொல்லும். எப்படி இருக்கிறாள் என்று சொல்லாது. அதை அவளிடம்தான் கேட்க வேண்டும். திட்டு விழாது என்று தெரிந்தால், ஆபத்து வரும்போது முதல் போன் உங்களுக்குத்தான் வரும்!