இரு மொழி, ஒரே வகுப்பறை

பிள்ளையை ஸ்பானிஷ்-ஆங்கில இருமொழிப் பள்ளியில் சேர்க்கலாமா என்று யோசிக்கும் பெற்றோருக்காக இதை எழுதுகிறோம். 1963-ல் மயாமியின் கோரல் வே தொடக்கப்பள்ளி, கியூப அகதிக் குழந்தைகளையும் ஆங்கிலம் பேசும் குழந்தைகளையும் சேர்த்துக்கொண்டு இம்முறையைத் தொடங்கியது. பாதி நாள் ஒரு மொழி, மீதி நாள் மற்றது.

நம்மைக் கவர்வது எழுத்து கற்பிக்கும் விதம். ஸ்பானிஷில் உயிரெழுத்து ஐந்து. ஒவ்வொன்றுக்கும் ஏறக்குறைய ஒரே ஒலி. ஆகவே ம, மெ, மி, மொ, மு என்று அசையாகவே சொல்லித் தரலாம். உயிர்மெய் வரிசை சொன்ன நம் பிள்ளைக்கு இது புதிதல்ல. ஆங்கிலத்தில் இந்த வழி செல்லாது.

சுவரில் ஒவ்வொரு மொழிக்கும் ஒரு நிறம். ஒத்த சொற்களை ஜோடி சேர்க்கலாம்: ஃபாமிலியா-ஃபேமிலி. ஏமாற்றும் சொற்களும் உண்டு. 'எக்ஸிதோ' என்றால் வெளியேறும் வழியல்ல, வெற்றி!

ஒன்றில் மட்டும் கண்டிப்பு வேண்டும். ஸ்பானிஷில் சொன்னதை உடனே ஆங்கிலத்தில் திருப்பிச் சொல்லக் கூடாது. சொன்னால் பிள்ளை முதலாவதைக் கேட்காது, ஆங்கிலத்துக்குக் காத்திருக்கும். (நம் வீட்டுச் சாப்பாட்டு மேசையிலும் நடப்பது இதுதானே!) படம், சைகை, பொருள் காட்டிப் புரியவைக்கலாம். இரு மொழிப் பிள்ளைகளையும் அருகருகே அமர்த்தினால், காலையில் ஆங்கிலத்தில் வாய் திறக்காத சிறுமி, பிற்பகலில் பக்கத்துப் பையனுக்கு ஸ்பானிஷில் கணக்குச் சொல்லித் தருவாள்.

நம் ஞாயிறு தமிழ் வகுப்பில் இல்லாதது அந்தப் பக்கத்துப் பிள்ளைதான். ஊரிலிருந்து வரும் தாத்தா பாட்டியை ஒரு மணி நேரம் வகுப்பில் அமர்த்திப் பார்க்கலாம். ஆங்கிலம் அறியாதவராயின் இன்னும் நல்லது.