தேசங்களின் வழக்கும் நம் கடற்றுறையும்

குடிகள் இருவர் தம்முள் மாறுபடின் நாட்டு நீதிமன்றம் தீர்க்கும். தேசங்கள் இரண்டு மாறுபடின் தீர்ப்பார் யாவர்? ஹேக் நகரிலும் ஹாம்பர்க் நகரிலும் உள்ள சர்வதேச நியாயஸ்தலங்கள் இதன்பொருட்டே எழுந்தன. அங்கே தீர்ப்பினும் அதற்கு முற்பட்ட நடைமுறை சிலபோது வலியுடையதாம். கடியப்பட்டணம் முதலிய நம் கடற்றுறையார்க்கு நெருங்கிய ஒரு வழக்கால் இதனை விளக்குவாம்.

2012 பிப்ரவரி 15 அன்று, கேரளக் கரைக்கு ஏறத்தாழ 20 கடல் மைல் அப்பால், ‘என்றிக்கா லெக்ஸி’ என்னும் இத்தாலிய எண்ணெய்க் கப்பலினின்று அந்நாட்டுக் கடற்படையினர் சுட, ‘செயின்ட் ஆன்றனி’ என்னும் படகிலிருந்த மீனவர் இருவர் மாண்டனர். அவருள் ஒருவர் நம் குமரி மாவட்டத்தார். கடற்கொள்ளையர் எனக் கருதிச் சுட்டதாக இத்தாலி கூறிற்று. கேரளக் காவலர் கடற்படையினர் இருவரைக் கைதுசெய்தனர்.

2015 ஜூன் மாதத்தில் இத்தாலி, ஐக்கிய நாடுகளின் கடற்சட்ட உடன்படிக்கையின்படி நடுவர் மன்றத்தை வேண்டியது. அம்மன்றம் அமையுமுன்னரே, இடைக்கால ஆணை நாடி ஹாம்பர்க் நியாயஸ்தலத்தை அடைந்தது. ஆகஸ்டு 24 அன்று, நீதிபதிகள் 15 பேர் இசைய, 6 பேர் மறுக்க, இரு நாடுகளும் தத்தம் விசாரணைகளை நிறுத்திவைக்குமாறு ஆணை பிறந்தது. குற்றம் உண்டோ இல்லையோ என ஆராயுமுன்னரே விசாரணை நின்றமை காண்க. இத்தகைய இடைக்கால ஆணைகள் வெறும் அறிவுரையல்ல, கட்டுப்படுத்துவனவே என்று ஹேக் நகரச் சர்வதேச நீதிமன்றமும் 2001இல் லக்ராண்ட் வழக்கில் உரைத்துளது.

2020 மே 21இல் நடுவர் மன்றம் தீர்ப்பளித்தது. அரச அலுவலர் என்னும் விலக்குரிமை அக்கடற்படையினர்க்கு உண்டென்றும், ஆதலின் இந்தியா அவரை விசாரித்தல் கூடாதென்றும் நடுவர் ஐவருள் மூவர் கூறினர். எனினும் உயிரிழப்பிற்கும் படகின் சேதத்திற்கும் இந்தியா இழப்பீடு பெறற்குரியது என்பதும் அத்தீர்ப்பே.

அன்பர்காள், ஈண்டுக் கருதற்பாலது ஒன்றுண்டு. அம்மன்றங்களில் தேசமே வழக்காளி. கணவனை இழந்தாள் நேரே நின்று முறையிட அங்கு இடமில்லை. நம் உச்ச நீதிமன்றமோ, அக்குடும்பத்தாரைக் கேளாது வழக்கை முடிக்க இசையோம் என்று 2020 ஆகஸ்டில் உரைத்தது. இத்தாலி 10 கோடி ரூபாய் செலுத்திய பின்னரே, 2021 ஜூன் 15இல் வழக்கை முடித்தது. மாண்டார் குடும்பங்களுக்குத் தலைக்கு 4 கோடியும் படகுடையார்க்கு 2 கோடியும் வகுக்கப்பட்டன.

பொருள் உயிர்க்கு ஈடாகாது. ஆயினும் தேசங்களின் வாதத்தில் மறைந்துபோகவிருந்த ஏழையின் குரல், இறுதியில் சொந்த நாட்டு மன்றத்திலேனும் கேட்கப்பட்டது. சட்டம் பயில்வார் தீர்ப்பை மட்டுமன்றி, யார் எந்நேரத்தில் எம்மன்றத்தில் பேச இயலும் என்பதனையும் கற்பாராக.